அச்சு உடைவும் நாணய உடைவும்: நாணயக் குறைகளை இனங்காணலும் பெயரிடலும்

0. முன்னுரை

நாணயம் சேகரிக்கும் அன்பர் ஒருவருக்காக ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்யப்பட்ட விளக்கப்பட்டியல் ஒன்றைச் சரிபார்த்துத் தருமாறு சில ஆண்டுகளுக்கு முன்னர் இக்கட்டுரையாளரிடம் கேட்கப்பட்டது. அப்பட்டியலில் 'விளிம்பு உடைந்த நாணயம்' என்றொரு பதிவு இருந்தது. அதற்கு எதிரே இருந்த படத்திலோ நாணயத்தின் விளிம்பு உடைந்திருக்கவில்லை. மாறாக, விளிம்பையொட்டி உலோகம் மேடாகத் திரண்டிருந்தது. சொல் குறைவைச் சுட்ட, படம் மிகையைக் காட்டியது. படங்கள் சேர்க்கப்படுவதற்கு முன்னரே பட்டியலின் சொற்களை மட்டும் நம்பி அவ்வன்பர் இரு நாணயங்களை வாங்கி வைத்திருந்தார். அவை உண்மையிலேயே விளிம்பு சிதைந்தவை. எவரோ இடுக்கியால் நெரித்தவை. முகமதிப்பைப் போலப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கிய அவற்றிற்கு முகமதிப்பிற்கு மேல் மதிப்பேதும் இல்லை.

இங்கு நேர்ந்த பிழை மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில அறிவைச் சார்ந்ததன்று. 'உடைவு' என்னும் சொல்லை அவர் சரியாகவே பெயர்த்தார். உடைந்தது எது என்பதை மட்டும் கூறாது விட்டார். உடைந்தது நாணயமன்று, அதனை அடித்த அச்சு. நாணயக் குறைகளைக் குறிக்கும் கலைச்சொல் எதுவாயினும், குறை எங்கே நேர்ந்தது என்பதை அச்சொல்லே உணர்த்தவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். இதனை நிறுவ, அச்சு உடைவு எவ்வாறு நேர்கிறது, அதனை எவ்வாறு இனங்காண்பது என்பனவற்றை முதலில் விளக்கி, பின்னர்ச் சொல்லாக்கச் சிக்கல்களை நோக்குவோம்.

1. நாணயம் உருவாகும் முறை

இன்றைய நாணயங்கள் வார்க்கப்படுவன அல்ல, அடிக்கப்படுவன. உலோகத் தகட்டிலிருந்து வட்டமாக வெட்டியெடுக்கப்பட்ட வில்லை, கடினமாக்கப்பட்ட இரு எஃகு அச்சுகளுக்கிடையே வைத்துப் பேரழுத்தத்தில் அழுத்தப்படுகிறது. ஓர் அச்சு முன்பக்க உருவத்தையும் மற்றோர் அச்சு பின்பக்க உருவத்தையும் தருகின்றன. வில்லை பக்கவாட்டில் பரவிவிடாதபடி சுற்றுவளையம் ஒன்று அதனைத் தடுத்து நிறுத்துகிறது. வில்லை, அச்சு, சுற்றுவளையம் ஆகிய இம்மூன்றும் கூடும் ஒரு நொடிப்பொழுதில் நாணயம் பிறக்கிறது.

இதில் மொழியியலார் கருதத்தக்கது ஒன்றுண்டு. நாணயத்தில் புடைப்பாக இருப்பது அச்சில் குழிவாக இருக்கும். நாணயத்தில் இடமிருந்து வலமாகப் படிக்கப்படும் எழுத்து அச்சில் வலமிருந்து இடமாக அமையும். அந்த அச்சினை உருவாக்கும் மூல அச்சோ மீண்டும் புடைப்பாகவும் நேராகவும் இருக்கும். இவ்வாறு ஒவ்வொரு படியிலும் உருவம் தலைமாறுகிறது. எனவே அச்சிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தால் அவ்விடத்தில் ஒரு பள்ளம் உண்டாகும். அழுத்தத்தில் நெகிழும் வில்லையின் உலோகம் அப்பள்ளத்தினுள் புகுந்து நிரப்பும். நாணயத்தில் அது மேடாக எழும். அச்சு இழந்ததை நாணயம் பெறுகிறது என்பதே இதன் அடிப்படை விதி. 'விளிம்பு உடைந்த நாணயம்' என்ற பெயர்ப்பு இவ்விதிக்கு நேர்மாறானது என்பதை நோக்குக.

2. அச்சு உடைவின் வகைகள்

ஓர் அச்சு இலட்சக்கணக்கான முறை அழுத்தம் தாங்குவது. எஃகைக் கடினமாக்கும்போது நேர்ந்த குறை, அளவுக்கு மீறிய அழுத்தம், நீண்ட பயன்பாட்டால் வரும் தளர்ச்சி ஆகியன அதனைச் சிதைக்கின்றன. சிதைவு ஒரே நாளில் முற்றுப்பெறுவதில்லை; படிப்படியாக வளர்வது. அதன் வகைகளை நான்காகப் பகுக்கலாம்.

2.1 விரிசல். அச்சின் முகத்தில் மயிரிழை போன்ற பிளவு தோன்றுகிறது. நாணயத்தில் அது ஒழுங்கற்ற, மெல்லிய, புடைத்த கோடாகத் தெரியும். எழுத்துகளின் உச்சிகளை இணைத்துக்கொண்டோ விளிம்பிலிருந்து உள்நோக்கியோ அக்கோடு செல்வதைக் காணலாம்.

2.2 சில்லு. அச்சின் முகத்திலிருந்து சிறு துணுக்கு மட்டும் தெறித்துவிடுகிறது. எழுத்துகளின் உட்பகுதியிலும் நெருங்கிய இரு எழுத்துகளின் இடையிலும் எஃகு மெலிந்திருப்பதால் அங்கு இது எளிதில் நேரும். நாணயத்தில் சிறு புள்ளியாகவோ கட்டியாகவோ தோன்றும்.

2.3 விளிம்புப் பெயர்வு. விரிசல் வளைந்து சென்று விளிம்பின் இரு இடங்களைத் தொட்டபின், இடையிலுள்ள துண்டு முழுதும் பெயர்ந்து விழுகிறது. நாணயத்தில் அவ்விடம் விளிம்பையும் உள்ளடக்கிய, உருவமோ எழுத்தோ அற்ற மேடாக அமையும். சேகரிப்போர் பெரிதும் விரும்புவது இவ்வகையையே.

2.4 தங்கிய பெயர்வு. துண்டு அச்சிலிருந்து முற்றிலும் பிரிந்துவிட்டபோதும், சுற்றுவளையத்தின் பிடியால் விழாமல் நிற்கிறது. அப்பகுதியின் உருவமும் எழுத்தும் நாணயத்தில் காணப்படும். ஆனால் எஞ்சிய பரப்பிலிருந்து சற்று உயர்ந்தோ பக்கம் நகர்ந்தோ இருக்கும். விளிம்புப் பெயர்விற்கு முந்தைய நிலையாக இதனைக் கொள்ளலாம்.

3. இனங்காணும் முறை

அச்சு உடைவை ஒத்துத் தோன்றுவன பல. அமெரிக்கச் சேகரிப்போர் நாணயக் குறைகளை வில்லையில் நேர்ந்தவை, அச்சில் நேர்ந்தவை, அடிக்கும்போது நேர்ந்தவை என மூன்றாகப் பகுப்பர். நாணயம் வெளிவந்தபின் நேரும் சேதம் இம்மூன்றிலும் அடங்காது. அது குறையாகவே கொள்ளப்படுவதில்லை. கையிலுள்ள நாணயம் எவ்வகையினது எனத் துணிவதற்கு நான்கு வினாக்கள் உதவும்.

முதலாவது, காணப்படுவது புடைப்பா, குழிவா? குழிவாயின் அது அச்சு உடைவன்று. கீறலும் அடிபட்ட தடமும் குழிவாகவே இருக்கும். அவற்றின் ஓரத்தில் ஒதுங்கிய உலோகம் வரம்பு போல் எழுந்திருப்பின் அதனை விரிசலின் புடைப்பாக மயங்கலாகாது. வில்லைக்கும் அச்சிற்கும் இடையே நூலோ கம்பியோ அகப்பட்டாலும் குழிவே உண்டாகும். அச்சின் குழிவுகளில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டால் எழுத்து மங்கும், மேடு தோன்றாது.

இரண்டாவது, உலோகம் இருக்கிறதா, இல்லையா? தகட்டில் முன்னரே துளையிட்ட இடத்தின்மேல் வெட்டுகருவி மீண்டும் விழுந்தால் வில்லை பிறைவடிவில் குறைபடும். அவ்வாறு அமைந்த நாணயத்தில் விளிம்பின் ஒரு பகுதி உண்மையிலேயே இராது. இது வில்லையின் குறை. விளிம்புப் பெயர்விலோ உலோகம் மிகுந்திருக்கும்.

மூன்றாவது, மறுபக்கம் எவ்வாறுள்ளது? பெரிய விளிம்புப் பெயர்வில், உலோகம் அச்சின் வெற்றிடத்தை நிரப்ப ஓடிவிடுவதால், நேர் எதிர்ப்பக்கத்தில் உருவம் முழுமையாக எழாமல் மங்கியிருக்கும். பின்னர்ப் பற்றவைத்துச் சேர்த்த உலோகத்தில் இம்மங்கலைக் காண இயலாது. அமெரிக்க நாணயங்களில் இருபக்க உருவங்களும் ஒன்றற்கொன்று தலைகீழாக அமைந்தவை. ஆகவே எதிர்ப்பக்கத்தின் அதே இடம் எது என்பதை நாணயத்தை விரல்களுக்கிடையே பற்றிப் பார்த்தே உறுதிசெய்தல் வேண்டும்.

நான்காவது, இதே குறையுடைய வேறொரு நாணயம் உண்டா? இதுவே தலையாய வினா. சேதம் தனித்தது, அச்சுக்குறை மீள வருவது. ஒரே அச்சில் அடிக்கப்பட்ட எல்லா நாணயங்களிலும் அதே இடத்தில் அதே வடிவில் அது தோன்றும். அச்சு மேலும் சிதையச் சிதைய வளர்ந்தும் வரும். ஒரு நாணயத்தில் குறுகிய கோடு, மற்றொன்றில் நீண்ட கோடு, வேறொன்றில் விளிம்புப் பெயர்வு என வரிசைப்படுத்த முடியுமாயின், எது முன் அடிக்கப்பட்டது, எது பின் அடிக்கப்பட்டது என்பதும் தெளிவாகும்.

பாட ஆய்வில் பழகியோர்க்கு இம்முறை புதிதன்று. ஓர் ஏட்டில் மட்டும் காணப்படும் பிழை அவ்வேட்டை எழுதியவரின் கைப்பிழையாகலாம். பல ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படின் அவை ஒரு மூலத்திலிருந்து வந்தவை எனத் துணிகிறோம். முறிந்த ஈய எழுத்து ஒன்று பழைய அச்சு நூலின் படிகள் அனைத்திலும் அதே பக்கத்தில் அதே முறிவுடன் தோன்றுவதும் இத்தகையதே.

அச்சின் குறைகள் அனைத்தும் உடைவுகள் அல்ல என்பதையும் ஈண்டுக் குறிப்பிடவேண்டும். டென்வர் நாணயச்சாலையின் 1937-ஆம் ஆண்டு ஐந்து சென்ட் நாணயங்கள் சிலவற்றில் எருமைக்கு மூன்று கால்களே தெரிகின்றன. அச்சினை மிகையாகத் தேய்த்து மெருகிட்டதால் ஆழங்குறைந்த குழிவு மறைந்துபோயிற்று. 1955-ஆம் ஆண்டு ஒரு சென்ட் நாணயங்கள் சிலவற்றில் எழுத்துகளும் ஆண்டெண்ணும் இரட்டித்துள்ளன. இது மூல அச்சிலிருந்து அச்சினை உருவாக்கும்போது நேர்ந்த குறை. இவ்விரண்டும் அச்சுக்குறைகளே, ஆயினும் அச்சு உடைவுகள் அல்ல. 'அச்சுக்குறை' என்பதனைப் பொதுப்பெயராகவும் 'அச்சு உடைவு' என்பதனை அதனுள் அடங்கிய சிறப்புப்பெயராகவும் கொள்வது இதனால் தேவையாகிறது.

4. உடைவு எழுத்தாகத் தோன்றும்போது

அச்சுச் சில்லு சில வேளைகளில் எழுத்தாகவோ குறியாகவோ மயங்கும். லிங்கன் உருவம் பொறித்த அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தில் 'லிபர்ட்டி' என்ற சொல் இடம்பெறுகிறது. அச்சொல்லில் 'பி', 'இ' என்னும் ஆங்கில எழுத்துகளுக்கிடையே அச்சு தெறித்து, நாணயத்தில் நிமிர்ந்த சிறு கோடாகத் தோன்றுவதுண்டு. 1950-களின் நாணயங்களில் இதனை மிகுதியாகக் காணலாம். அக்கோடு 'ஐ' என்னும் ஆங்கில எழுத்தை ஒத்திருத்தலின், சேகரிப்போர் இவ்வகைக்குப் 'பி-ஐ-இ' என்றே பெயரிட்டுள்ளனர். எவரும் செதுக்காத எழுத்து, படிப்போரின் எழுத்தறிவால் எழுத்தாயிற்று.

இந்திய நாணயங்களிலும் இம்மயக்கத்திற்கு இடமுண்டு. நாணயச்சாலையைச் சுட்டும் குறி பொதுவாக ஆண்டெண்ணின் கீழ் இடப்படுகிறது. மும்பைக்குச் சாய்சதுரமும் ஐதராபாத்திற்கு விண்மீனும் நொய்டாவிற்கு வட்டப்புள்ளியும் உரியன. கொல்கத்தா நாணயங்களில் குறி இராது. ஆண்டெண்ணின் கீழ் அச்சு சிறிது தெறித்தால் கொல்கத்தா நாணயம் நொய்டா நாணயமாகத் தோற்றமளிக்கக்கூடும். குறியாகச் செதுக்கப்பட்ட புள்ளி திருத்தமான வட்டமாகவும் எல்லா நாணயங்களிலும் ஒரே அளவினதாகவும் இருக்கும்; சில்லினால் வந்த புள்ளி ஒழுங்கற்றது, வளர்வது.

தமிழ்மொழி வரலாற்றை ஆய்வோர்க்கும் இது தொலைவான செய்தியன்று. பெருவழுதி, மாக்கோதை, குட்டுவன் கோதை முதலிய பெயர்கள் பொறித்த பழங்காசுகள் தமிழ் பிராமி எழுத்து ஆய்விற்குச் சான்றுகளாகின்றன. சாதவாகனரின் வெள்ளிக் காசுகளில் ஒருபக்கம் பிராகிருதமும் மறுபக்கம் திராவிட மொழியும் அமைந்துள்ளன. அம்மறுபக்க வாசகத்தை அறிஞர்கள் வெவ்வேறாகப் படித்துள்ளனர். அச்சில் அடிக்கப்பட்ட பழங்காசு ஒன்றில் மெய்யெழுத்தின் மேல் சிறு மேடு காணப்படின், அது புள்ளியா, அச்சுச் சில்லா என்னும் வினா எழுதல் வேண்டும். ஒரே ஒரு காசைக் கொண்டு இதற்கு விடை காண இயலாது. ஒரே அச்சின் காசுகள் பலவற்றில் அது இருப்பதும் போதிய சான்றன்று. சில்லும் அவ்வாறே மீள வரும். வெவ்வேறு அச்சுகளில் அடிக்கப்பட்ட காசுகளிலும் அதே எழுத்தின் மேல் அது காணப்படுமாயின் அதனைப் புள்ளி எனத் துணியலாம். ஒரு புள்ளி, உயிர்மெய்யா மெய்யா என்பதைத் தீர்மானிக்கும் எழுத்துமுறையில் இவ்வேறுபாடு சிறிதன்று.

5. சொல்லாக்கச் சிக்கல்கள்

5.1 கருவியின் பெயர். ஆங்கிலச் சொல்லை 'டை' என எழுத்துப்பெயர்த்தால் தமிழில் அது கழுத்தில் கட்டுவதற்கும் தலைச்சாயத்திற்கும் வழங்கும் சொற்களோடு ஒன்றிவிடுகிறது. அகராதியை மட்டும் நம்பினால் 'பகடை' என்னும் பொருள் கிடைக்கும். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே வடிவம். 'வார்ப்பு', 'வார்ப்புரு' என்பன உருக்கிய உலோகத்தை ஊற்றும் முறைக்கு உரியன. வார்த்த காசு வேறு, அடித்த காசு வேறு என்பது நாணயவியலின் முதற்பாடமாதலின் இவையும் பொருந்தா.

எஞ்சுவது 'அச்சு'. இது பொருத்தமான சொல்லாயினும் பல பொருள் குறித்த ஒரு சொல். வண்டியின் அச்சு, தறியின் அச்சு, நூல் அச்சு என விரிவது. இடைக்காலக் கல்வெட்டுகளில் 'அச்சு' என்பது காசின் பெயராகவே வருகிறது. கருவியின் பெயர் அதனால் விளைந்த பொருளுக்கு ஆகிவந்தது. 'அச்சு உடைந்தது' என்று மட்டும் கூறினால் பொதுவாசகர் வண்டியை நினைப்பர். 'அச்சுப்பிழை' என்றால் நூலின் எழுத்துப்பிழையை நினைப்பர். எனவே ஒரு நூலில் முதன்முறை வருமிடத்து 'நாணய அச்சு' என முழுமையாகக் கூறிப் பின்னர் 'அச்சு' எனச் சுருக்குவது தக்கது. செயலைக் குறிக்க 'அடித்தல்' என்னும் வழக்குச்சொல்லே போதும். 'காசு அடித்தல்' என்பது மக்கள் நாவில் உள்ளது.

5.2 தொடரமைப்பு. 'உடைந்த அச்சு நாணயம்' என்னும் தொடர் இருபொருள் தருவது. 'உடைந்த' என்னும் பெயரெச்சம் 'அச்சு' என்பதனைத் தழுவினால் உடைந்தது அச்சு. 'நாணயம்' என்பதனைத் தழுவினால் உடைந்தது நாணயம். பேச்சில் இசைநிறுத்தம் இதனைத் தெளிவிக்கலாம். பட்டியலில் அது இயலாது. பெயரெச்சத்தை நீக்கித் தொழிற்பெயரைத் தொகையாக்கி 'அச்சுப்பெயர்வு நாணயம்' என்றால் ஐயம் அகலும். குறைக்கு உரியது எதுவோ அதுவே தொகையின் முன்னுறுப்பாக நிற்கவேண்டும்: வில்லைக்குறை, அச்சுக்குறை, அடிப்புக்குறை. தொடக்கத்தில் கூறிய பட்டியலில் 'விளிம்பு' முன்னுறுப்பாக நின்றதே தவறான கொள்முதலுக்கு வழிவகுத்தது.

5.3 வினைச்சொற்களின் பொருள் நுட்பம். ஆங்கிலத்தில் 'பிரேக்' என்னும் ஒரே சொல் சுட்டும் நிகழ்ச்சிகளைத் தமிழ் பல சொற்களால் வேறுபடுத்துகிறது. நீண்ட பொருள் இரண்டாவது 'முறிதல்': கொம்பு, எலும்பு. நொறுங்குதன்மையுடைய பொருள் துண்டாவது 'உடைதல்': பானை, கண்ணாடி. துண்டு பிரியாமல் பிளவு மட்டும் தோன்றுவது 'விரிசல்': சுவர், மண். பொருந்தியிருந்த ஒன்று தன்னிடத்தை விட்டு நீங்குவது 'பெயர்தல்': சுவரின் காரை, கால்விரல் நகம். சிறு துண்டு 'சில்லு': ஓட்டுச்சில்லு. அச்சுச் சிதைவின் படிநிலைகளை இச்சொற்கள் புனைவேதுமின்றி ஏற்கின்றன. ஆகவே 'அச்சு உடைவு' என்பது இனப்பெயராக, 'அச்சு விரிசல்', 'அச்சுச்சில்லு', 'விளிம்பு அச்சுப்பெயர்வு', 'தங்கிய அச்சுப்பெயர்வு' என்பன அதன் வகைகளாகலாம். விளிம்புப் பெயர்வைச் சுட்ட ஆங்கிலேயர் ஆளும் 'கட்' என்னும் குறுஞ்சொல் அசைபோடும் இரையைக் குறிப்பது. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்க முயலவேண்டா. அதனை ஒலிபெயர்த்தால் வெட்டுதலைக் குறிக்கும் மற்றோர் ஆங்கிலச் சொல்லாகக் கருதப்பட்டு, பிறைவடிவில் வெட்டுண்ட வில்லையோடு மயங்கும்.

5.4 'பிழை'யா, 'குறை'யா? 'பிழை' என்பது செய்தவனை உடன் சுட்டும் சொல். பிழை செய்தவர் இருத்தல் வேண்டும். அச்சு தளர்ந்து உடைவது எவருடைய பிழையுமன்று. 'குறை' என்பது பொருளின் நிலையை மட்டும் கூறுவது. அன்றியும் 'பிழை நாணயம்' என்னும் தொடர் கள்ள நாணயத்தோடும் மயங்கக்கூடும். ஆதலின் 'குறை' என்பதே ஏற்புடைத்து.

6. முடிவுரை

அச்சு உடைவு நாணயத்தில் புடைப்பாகத் தோன்றும், உலோகம் மிகும், பெரிதாயின் மறுபக்கத்தை மங்கச் செய்யும், ஒரே அச்சின் நாணயங்களில் மீள வரும். இந்நான்கினையும் அறிந்தவர் எவரும் நெரித்த நாணயத்தை விலை கொடுத்து வாங்கார். ஆயின் இவ்வறிவு தமிழ் வாசகரைச் சென்றடைய வேண்டுமானால் சொற்கள் அதற்குத் தடையாகாதிருத்தல் வேண்டும். ஆங்கிலம் அறிந்த சேகரிப்பாளர் சொல்லின் குறையை மூலத்தை நோக்கிச் சரிசெய்து கொள்வார். தமிழ் மட்டுமே அறிந்தவர்க்கு மொழிபெயர்ப்பாளர் இட்ட சொல்லே சான்று.

மேற்குறித்த விளக்கப்பட்டியலில் 'விளிம்பு உடைந்த நாணயம்' என்பது 'விளிம்பு அச்சுப்பெயர்வு' எனத் திருத்தப்பட்டு, 'உலோகம் மேடாகத் திரண்டிருக்கும்; விளிம்பு குறைந்திருக்காது' என ஒருவரி விளக்கமும் சேர்க்கப்பட்டது. அவ்வன்பர் முன்னர் வாங்கிய இரு நாணயங்களையும் விற்க முற்படவில்லை. புதிதாகச் சேகரிக்க வருவோர்க்குக் காட்டுவதற்கென அவற்றைத் தனி உறையில் வைத்து, உறையின் மேல் 'சேதம். அச்சுக்குறையன்று' என எழுதி வைத்துள்ளார்.